பெட்டியில் 20 ஜிகாபிட், கையில் 38 மெகாபைட்: பேரேடுகளைப் படமெடுத்த வீட்டில் ஒரு யுஎஸ்பி நிகழ்வு ஆய்வு

காரைக்குடியை ஒட்டிய ஊர் ஒன்றில் ஒரு பழைய நகரத்தார் வீடு. ரங்கூனில் லேவாதேவி நடத்திய காலத்துப் பேரேடுகள், சிட்டைகள், கடிதக் கட்டுகள் எல்லாம் வீட்டின் இரண்டாம் கட்டில் உள்ள ஓர் அறையில் மர அலமாரிகளில் இருக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களும் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமாயின. குடும்பக் கணக்குகள் அப்படி எளிதில் ஊர் தாண்டுவதில்லை. இந்த வீட்டாரும் ஏடுகள் வாசலைக் கடக்கக் கூடாது என்றார்கள். ஆகவே ஏடு இருக்கும் இடத்துக்குக் கேமரா போனது. இரண்டு பேர், இருபது நாள் வேலை.

கொண்டுபோன கருவிகள் இவை. கீழ்நோக்கிப் படமெடுக்கும் நிலைத்தாங்கியில் 45 மெகாபிக்ஸல் கேமரா ஒன்று. படம் உடனுக்குடன் வந்து சேர ஒரு விண்டோஸ் மடிக்கணினி. எழுத்துக் கூர்மையைச் சரிபார்க்க 4கே திரை. அதை இணைக்க ஒரு டைப்-சி ஹப், அதாவது கணினியின் ஒரு துளையைப் பல துளைகளாக்கும் சிறு பெட்டி. பிரதி எடுக்க 2 டிபி கையடக்க எஸ்எஸ்டி (தட்டு சுழலாமல் சிப்பில் எழுதும் சேமிப்புச் சாதனம்) ஒன்றும், 4 டிபி கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றும். எஸ்எஸ்டியின் பெட்டியில் 20 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 20 ஜிகாபிட்) என்றும், நொடிக்கு 2,000 மெகாபைட் வரை என்றும் அச்சிட்டிருந்தது.

15 நொடிக்கு ஒரு படம் என்ற நிதானத்தில் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம் எடுத்தால் 1,800 படங்கள். கேமரா பதிந்ததை இழப்பின்றிச் சுருக்கிய ரா கோப்பு ஒன்று சுமார் 50 எம்பி. ஆக ஒரு நாளைக்கு 90 ஜிபி, இருபது நாளைக்கு 1.8 டிபி. ஒவ்வொரு மாலையும் அன்றைய 90 ஜிபியை இரண்டு டிஸ்க்கிலும் எழுதி, எழுதியது சரியா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது திட்டம்.

முதல் நாள் மாலை எஸ்எஸ்டியில் எழுத 40 நிமிடம் ஆனது. ஹார்ட் டிஸ்க்கில் எழுத இன்னொரு 40 நிமிடம். பெட்டியில் போட்ட எண்ணை நம்பினால் முதல் பிரதி 45 நொடியில் முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து சரிபார்ப்பைக் கைவிட்டார்கள், ஏனென்றால் அதற்கும் இன்னொரு 80 நிமிடம் ஆகும். இந்த நிகழ்வில் உண்மையான நஷ்டம் இதுதான். தாமதத்தை எப்படியும் பொறுத்துக்கொள்ளலாம். நூறு வருடத் தாளை ஒரே ஒரு முறை புரட்டிப் படமெடுத்துவிட்டு, அந்தப் படம் டிஸ்க்கில் முழுதாக இறங்கியதா என்று பார்க்காமல் போவது பொறுக்கக்கூடியதல்ல.

இதோடு இரண்டு சில்லறைத் தொல்லைகளும் இருந்தன. கேமரா நாளைக்கு நாலைந்து முறை இணைப்பு அறுந்து போனது. வயர்லெஸ் மவுஸ் அவ்வப்போது திக்கித் திக்கி நகர்ந்தது.

எஸ்எஸ்டி போலி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதுதான் குழுவின் முதல் முடிவு. அது தவறு. தவறு என்பதற்கான துப்பு அவர்கள் குறித்து வைத்த எண்களிலேயே இருந்தது.

இரண்டு டிஸ்க்கும் ஒரே வேகத்தில் ஓடின

90 ஜிபியை 40 நிமிடத்தால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 38 மெகாபைட். எஸ்எஸ்டியும் அதே 38, தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் அதே 38. இயல்பிலேயே பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் உள்ள இரண்டு சாதனங்கள் ஒரே எண்ணைக் காட்டினால், கோளாறு சாதனத்தில் இல்லை. இரண்டின் தலையிலும் ஒரே கூரை இடிக்கிறது.

38 என்ற எண் இந்தத் துறையில் பழகியவர்களுக்கு நன்கு தெரிந்த முகம். 2000ஆம் ஆண்டு வந்த யுஎஸ்பி 2.0இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். ஆனால் அந்த வழியில் ஒரு சமயத்தில் ஒரு திசையில்தான் தரவு போகும். கணினி ஒவ்வொரு முறையும் கேட்டு, சாதனம் பதில் சொல்லி, நடுவே காத்திருப்பும் உண்டு. அதெல்லாம் கழிந்து கையில் கிடைப்பது 35 முதல் 42 வரை. கோப்பு நகலெடுக்கும் வேகம் இந்த எல்லைக்குள் நிலையாக நின்றால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, இணைப்பு யுஎஸ்பி 2.0ஆக ஓடுகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

மற்ற வேகங்களுக்கும் இப்படிக் கைக்கு வரும் எண் உண்டு. 5 ஜிகாபிட் இணைப்பில் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். அதனால் கணக்குப்படியான உச்சமே 500 மெகாபைட், நடைமுறையில் 400 முதல் 450. 10 ஜிகாபிட்டில் 128 பிட்டுக்கு 132 என்று கழிவு குறைவு. அங்கே சுமார் 1,000 மெகாபைட் கிடைக்கும். 20 ஜிகாபிட்டில் சுமார் 2,000. இந்த நாலு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி நோய்களுக்குக் கருவியே வேண்டாம், நாடி பார்த்தே சொல்லிவிடலாம்.

பழைய எண், புதிய எண், அதற்கும் புதிய எண்

குழு ஏன் ஏமாந்தது என்பதற்குப் பெயர் வரலாறு தெரிய வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். யுஎஸ்பியில் ஒரே வேகத்துக்கு மூன்று எண்கள்.

2008இல் 5 ஜிகாபிட் வேகத்தோடு யுஎஸ்பி 3.0 வந்தது. 2013இல் 10 ஜிகாபிட் வந்தபோது அதற்கு யுஎஸ்பி 3.1 ஜென் 2 என்று பெயரிட்டு, பழைய 3.0ஐ 3.1 ஜென் 1 ஆக்கினார்கள். 2017இல் 20 ஜிகாபிட் வந்தது. அதற்கு யுஎஸ்பி 3.2 ஜென் 2×2 என்று பெயர் வைத்து, பழைய இரண்டையும் 3.2 ஜென் 1, 3.2 ஜென் 2 என்று மறுபடி மாற்றினார்கள். ஆக 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒரே வீடு, அதே 5 ஜிகாபிட். பெட்டியில் யுஎஸ்பி 3.2 என்று மட்டும் போட்டிருந்தால் அது 5, 10, 20 எதுவாகவும் இருக்கலாம். விற்பவர் பொய் சொல்லவில்லை, வாங்குபவருக்குத்தான் ஒன்றும் தெரிவதில்லை. 2019இல் வந்த யுஎஸ்பி4இலும் 20, 40 என்று இரண்டு வேகங்கள் உண்டு. 2022இல் அதன் இரண்டாம் பதிப்பு 80ஐக் கொண்டுவந்தது. அதே ஆண்டில்தான் தரநிலையை நடத்தும் அமைப்பு, நுகர்வோருக்கான முத்திரையில் தலைமுறை எண்களை விட்டுவிட்டு 5 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ் என்று வேகத்தையே எழுதலாம் என்ற முடிவுக்கு வந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். கடைகளில் இன்னும் எல்லாத் தலைமுறைப் பெயர்களும் கலந்துதான் கிடக்கின்றன.

சொற்களிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபுல்-ஸ்பீட் என்றால் 12 மெகாபிட், 1990களின் வேகம். ஹை-ஸ்பீட் என்றால் 480 மெகாபிட். சூப்பர்-ஸ்பீட் என்றால்தான் 5 ஜிகாபிட்டும் அதற்கு மேலும். எனவே கேபிள் உறையில் ஹை-ஸ்பீட் யுஎஸ்பி என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது உண்மைதான், ஆனால் 2000ஆம் ஆண்டின் உண்மை.

டைப்-சி என்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது செருகியின் வடிவம், அவ்வளவுதான். நகரத்தார் குடும்பங்களில் மூத்த பேரனுக்கு ஐயா, அதாவது தாத்தா, பெயரை வைப்பது வழக்கம். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள், கணக்கு வேறு வேறு. டைப்-சி துளையும் அப்படியே. ஒன்று 480 மெகாபிட், பக்கத்தில் அதே உருவத்தில் இருப்பது 40 ஜிகாபிட்.

எஸ்எஸ்டி: குற்றவாளி கேபிள்

எஸ்எஸ்டியோடு 30 செ.மீ. நீளத்தில் ஒரு குட்டைக் கேபிள் வந்திருந்தது. மேசையில் பேரேடு விரிக்க இடம் வேண்டும் என்று எஸ்எஸ்டியைச் சுவர் மாடத்தில் வைத்திருந்தார்கள். குட்டைக் கேபிள் எட்டவில்லை. அதனால் 2 மீட்டர் நீளமுள்ள, நூல் பின்னிய, 100 வாட் சார்ஜிங் கேபிளைப் போட்டார்கள். தடிமனானது, விலை கூடியது, பார்த்தால் குட்டைக் கேபிளைவிடத் தரமானதாகத் தோன்றும்.

சார்ஜிங் கேபிளின் தடிமன் மின்சாரத்துக்காக. தரவுக்கு அதில் இருப்பது யுஎஸ்பி 2.0இன் ஒரு இணைக் கம்பி மட்டுமே. டைப்-சியில் 24 முனைகள் உண்டு. 5 ஜிகாபிட்டும் அதற்கு மேலும் போக வேண்டுமானால் கூடுதலான அதிவேக இணைக் கம்பிகள் கேபிளுக்குள் ஓட வேண்டும். அவற்றைச் சேர்த்தால் கேபிள் விறைப்பாகும், விலை ஏறும், நீளம் குறையும். அதனால் சார்ஜ் செய்ய விற்கும் கேபிள்கள், 240 வாட் தாங்கக்கூடியவை உட்பட, பெரும்பாலும் 480 மெகாபிட்டோடு நின்றுவிடுகின்றன. ஐபோன் 15 ப்ரோவின் துளை 10 ஜிகாபிட் தாங்கும், ஆனால் அதன் பெட்டியில் வரும் கேபிள் 480 மெகாபிட்தான். வாட்டும் வேகமும் வெவ்வேறு கணக்கு. ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்கக் கூடாது.

இதை உறுதி செய்ய யுஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற இலவச மென்பொருள் போதும். சாதனத்தைச் செருகிவிட்டு, மரப்பட்டியலில் அதைத் தேர்ந்தால், எந்த வேகத்துக்கு உடன்பாடு ஆகியிருக்கிறது என்று காட்டும். நீண்ட கேபிளில் ஹை-ஸ்பீட் என்று வந்தது. குட்டைக் கேபிளை மாட்டியதும் சூப்பர்-ஸ்பீட்-பிளஸ், 10 ஜிகாபிட். மேக் கணினியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து யுஎஸ்பி பகுதியில் ஸ்பீட் என்ற வரியைப் பார்த்தால் இதே விவரம் கிடைக்கும். கோப்பு நகலெடுத்து நேரம் பார்ப்பதைவிட இது மேல், ஏனென்றால் இணைப்பின் கோளாறையும் டிஸ்க்கின் சோர்வையும் இது பிரித்துக் காட்டுகிறது.

வேகம் நொடிக்குச் சுமார் 1,000 மெகாபைட் ஆனது. குழுவுக்கு மகிழ்ச்சி. ஆனால் பெட்டியில் 2,000 அல்லவா போட்டிருந்தது?

40இல் செருகினால் 10 வருவது ஏன்

மடிக்கணினியின் இடப்பக்கம் இரண்டு டைப்-சி துளைகள். மின்னல் குறி போட்ட ஒன்று தண்டர்போல்ட் 4 என்ற அதிவேக இணைப்பு, அதாவது 40 ஜிகாபிட். எஸ்எஸ்டி 20 ஜிகாபிட். 40 தாங்கும் துளையில் 20ஐச் செருகினால் 20 கிடைக்கும் என்று யாரும் நினைப்பார்கள். கிடைத்தது 10.

20 ஜிகாபிட்டை எட்ட இரண்டு வேறு வழிகள் இருப்பதுதான் காரணம். இந்த எஸ்எஸ்டி பேசுவது யுஎஸ்பி 3.2 ஜென் 2×2. அது 10 ஜிகாபிட் தடங்கள் இரண்டைச் சேர்த்து ஓட்டும் முறை. தண்டர்போல்ட் 4 துளை தன் 40 ஜிகாபிட்டை வேறு முறையில் தருகிறது. சாதாரண யுஎஸ்பி சாதனம் வந்தால் அது 10 ஜிகாபிட் வரை கட்டாயம் தர வேண்டும், 2×2ஐத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. பினாங்கில் இருந்து மலாய் கற்று வந்தவரும் ரங்கூனில் இருந்து பர்மிய மொழி கற்று வந்தவரும் கானாடுகாத்தானில் சந்தித்தால் தமிழில்தானே பேசிக்கொள்வார்கள்? இங்கே இருவருக்கும் பொதுவான தமிழ் 10 ஜிகாபிட்.

யுஎஸ்பி4 தரநிலையிலும் 2×2 ஆதரவு கணினிக்கு விருப்பத்துக்கு உட்பட்டதுதான். மேக் கணினிகள் பெரும்பாலானவற்றிலும் இந்த வகை எஸ்எஸ்டி 10இல்தான் ஓடும். எனவே 2×2 எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன் கணினியின் விவரத் தாளில் யுஎஸ்பி 3.2 ஜென் 2×2 என்றோ, யுஎஸ்பி 20 ஜிபிபிஎஸ் என்றோ தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 10 ஜிகாபிட் எஸ்எஸ்டியே போதும், மிச்சப் பணத்தில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளலாம். இந்த வேலைக்கு அதுதான் சரியான கொள்முதலாக இருந்திருக்கும்.

ஹார்ட் டிஸ்க்: குற்றவாளி திரை

ஹார்ட் டிஸ்க் ஹப்பில் செருகியிருந்தது. ஹப்பின் துளைகள் நீலம், உறையில் 5 ஜிபிபிஎஸ் என்ற எழுத்து, கேபிளும் டிஸ்க்கோடு வந்த அகலமான மைக்ரோ-பி கேபிளேதான். எல்லாம் சரி. இருந்தும் ட்ரீ வியூவர் ஹை-ஸ்பீட் என்றது.

அதே ஹப்பில் 4கே திரை, 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பித்து, ஓடிக்கொண்டிருந்தது. டைப்-சி கேபிளுக்குள் அதிவேகத் தடங்கள் நான்குதான். படத்துக்கு இரண்டைக் கொடுத்தால் மீதி இரண்டில் 5 அல்லது 10 ஜிகாபிட் யுஎஸ்பி ஓடலாம். ஆனால் திரைக்குப் படம் அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட்டின் பழைய 1.2 வேகத்தில் இரண்டு தடத்துக்கு 4கே 30 ஹெர்ட்ஸ்தான் தாங்கும். 60 வேண்டுமானால் நான்கையும் படமே எடுத்துக்கொள்ளும். அப்போது தரவுக்கு மிஞ்சுவது தனியே ஓடும் அந்த யுஎஸ்பி 2.0 இணைக் கம்பி ஒன்றே. இந்த ஹப் அப்படிப்பட்டது. அதன் குறிப்பேட்டில் சிறு எழுத்தில், 60 ஹெர்ட்ஸ் என்ற வரிக்கு நேரே யுஎஸ்பி வேகம் 480 மெகாபிட் என்று அச்சிடவும் பட்டிருந்தது. 4கே 60 ஹெர்ட்ஸும் 5 ஜிகாபிட்டும் ஒருங்கே தரும் ஹப்புகள் உண்டு. அவற்றுக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தரும் கணினி வேண்டும்.

திரை அமைப்பில் 60ஐ 30 ஆக்கினால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். பொதுவாக ஆகாது. தடங்களைப் பங்கு போடுவது இணைத்த நொடியில் ஹப் செய்யும் ஏற்பாடு, புதுப்பிப்பு வேகத்தை மாற்றியதால் அது மறுபடி கூடிப் பேசாது. ஹார்ட் டிஸ்க்கை ஹப்பிலிருந்து எடுத்து, மடிக்கணினியின் வலப்பக்கத்து 5 ஜிகாபிட் டைப்-ஏ (பழைய நீள்சதுர வடிவ) துளையில் நேரே செருகினார்கள். வேகம் 120 மெகாபைட் ஆனது.

அதற்கு மேல் போகாது, போக வேண்டியதும் இல்லை. இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கின் தட்டு, வெளி விளிம்பில் தருவதே அவ்வளவுதான். தட்டு நிரம்பி உள் வட்டத்துக்கு வரவர வேகம் பாதியாகும். இதற்கு 10 ஜிகாபிட் கேபிள் வாங்குவது வீண் செலவு. இன்னொன்று: இவ்வகை டிஸ்க்குகள் பலவற்றில் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி எழுதுகிறார்கள். புதிதாக வரிசையாக எழுதும்போது தொல்லை இல்லை. அழித்த இடத்தில் மறுபடி எழுதும்போது பக்கத்து ஓடுகளையும் பெயர்த்து வேய வேண்டியிருக்கும், வேகம் 30க்குக் கீழே விழுவதும் உண்டு. ஆகவே சோதனைக் கோப்புகளை அழித்து அழித்து எழுதாமல், முதல் நாளிலிருந்து சேர்த்துக்கொண்டே போவது நல்லது.

டைப்-ஏ செருகியைப் பற்றி ஒரு வார்த்தை. 3.0 செருகியில் முன்னால் இருக்கும் நான்கு முனைகள் யுஎஸ்பி 2.0, உள்ளே தள்ளியிருக்கும் ஐந்து முனைகள்தான் 5 ஜிகாபிட். மெதுவாக நுழைத்தால் முன் முனைகள் முதலில் தொட்டு, கணினி அதை 2.0 சாதனம் என்று பதிவு செய்துவிடக்கூடும். ஒரே மூச்சில் உறுதியாகச் செருக வேண்டும். சந்தேகம் வந்தால் முறைப்படி வெளியேற்றி, பிடுங்கி, மறுபடி செருகிப் பார்ப்பதே வைத்தியம்.

கேமரா: இங்கே மெதுவானதே சரி

ஏடு விரித்த நிலைத்தாங்கி அறையின் உள்மூலையில். வளவின் (வீட்டு உள்முற்றத்தின்) திறந்த வெளிச்சம் தாளில் படக் கூடாது என்பதற்காக அந்த இடம். மின்செருகி இருப்பதோ கதவோரம், பழைய வீடுகளில் அறைக்கு ஒன்று கிடைத்தாலே அதிகம். மடிக்கணினியும் அங்கேதான். இடைவெளி நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்கு 1 மீட்டர் கேபிளும் 3 மீட்டர் நீட்டிப்புக் கேபிளும் சேர்த்துப் போட்டு, 5 ஜிகாபிட் துளையில் இணைத்திருந்தார்கள்.

வேகம் கூடக்கூடக் கம்பியில் சமிக்ஞை தேய்வது கூடும். டைப்-சி கேபிளுக்குத் தரநிலை ஆவணம் தரும் நடைமுறை நீளங்கள்: யுஎஸ்பி 2.0க்கு 4 மீட்டர், 5 ஜிகாபிட்டுக்கு 2, 10 ஜிகாபிட்டுக்கு 1, 40 ஜிகாபிட்டுக்கு 0.8 மீட்டர். நடுவே ஒரு செருகி மூட்டு வந்தால் இழப்பு இன்னும் அதிகம். நீட்டிப்புக் கேபிளுக்குத் தரநிலையில் இடமே இல்லை, சந்தையில்தான் இருக்கிறது. 4 மீட்டரில், ஒரு மூட்டோடு 5 ஜிகாபிட் கேட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிழை சேர்ந்ததும் இணைப்பு அறுந்து புதிதாகத் தொடங்கும். கேமரா அறுந்து போனதன் காரணம் இதுவே.

தேய்ந்த சமிக்ஞையைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் சிப் நடுவில் பொதிந்த கேபிள் ஒரு தீர்வு. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலைக்கு 5 ஜிகாபிட் தேவையா? ஒரு படம் 50 எம்பி. யுஎஸ்பி 2.0இல் அது வந்து சேர 1.3 நொடி. அடுத்த பக்கத்தைப் புரட்டி, தாளைத் தட்டையாக்கி, கண்ணாடி இறக்க 15 நொடி. மிச்சம் 13 நொடி கேபிள் சும்மாதான் கிடக்கிறது. எனவே மூட்டில்லாத ஒரே 4 மீட்டர் யுஎஸ்பி 2.0 கேபிள் வாங்கி, மடிக்கணினியின் கறுப்பு நிற 2.0 துளையில் செருகினார்கள். அதன்பின் ஒரு முறைகூட இணைப்பு அறுந்து போகவில்லை. நொடிக்குப் பல படம் சுடும் கல்யாண வேலைக்கு இந்தப் பதில் பொருந்தாது. பேரேட்டுக்குப் பொருந்தும்.

மவுஸ் விக்கியதற்குக் காரணம் எளிது. 5 ஜிகாபிட் இணைப்பு தரும் மின்னிரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வானலைப் பட்டையில் விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதை ஆவணப்படுத்தியிருக்கிறது. வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர், நெருக்கமாக அமைந்த அடுத்த துளையிலேயே இருந்தது. ஹப்புக்கு மாற்றியதும் தீர்ந்தது. ஹப் ஒரு சாண் தள்ளி இருக்கிறது, அதில் இப்போது 2.0 மட்டும்தான் ஓடுகிறது.

மாற்றத்துக்குப் பின்

புதிதாக வாங்கியது 4 மீட்டர் கேபிள் ஒன்றே. மற்றதெல்லாம் இடமாற்றம். மின்னல் குறித் துளையில் குட்டைக் கேபிளோடு எஸ்எஸ்டி. இன்னொரு டைப்-சியில் ஹப், அதில் திரையும் மவுஸும். 5 ஜிகாபிட் டைப்-ஏயில் ஹார்ட் டிஸ்க். 2.0 டைப்-ஏயில் கேமரா. ஹார்ட் டிஸ்க்கை 2.0 துளையில் போடாததற்கு வேகம் மட்டும் காரணமல்ல. 2.0 துளை தரக் கடமைப்பட்டது 500 மில்லிஆம்பியர், 3.0 துளை 900. மின்சாரம் போதாமல் டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு நிற்பது நல்லதல்ல.

மாலை வேலை எஸ்எஸ்டிக்கு 2 நிமிடத்துக்குள், ஹார்ட் டிஸ்க்குக்கு 12 அல்லது 13 நிமிடம் என்று ஆனது. கைவிட்ட சரிபார்ப்பு மறுபடி வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, ஒரு உரைக் கோப்பாக அந்தந்த நாள் அடைவிலேயே வைத்தார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எழுதி முடித்த கையோடு படித்துப் பார்த்தால், கணினி டிஸ்க்கைத் தொடாமல் தன் நினைவகத்தில் இருப்பதையே காட்டி, சரி என்று சொல்லிவிடலாம். டிஸ்க்கை வெளியேற்றி, பிடுங்கி, மறுபடி செருகியபின் சரிபார்க்க வேண்டும். அதையும் சேர்த்து மொத்தம் அரைமணி நேரம். பழைய முறையில் இதே வேலைக்கு 160 நிமிடம் ஆகியிருக்கும். சரிபார்க்காமல் விட்ட நாள்களின் கோப்புகளையும் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபார்த்தார்கள், மடிக்கணினியில் மூலப் பிரதி அழியாமல் இருந்ததால் அது முடிந்தது.

பதினாறாம் நாள் வாக்கில் எஸ்எஸ்டி மறுபடி மெதுவானது, 90 ஜிபிக்கு 4 நிமிடத்துக்கு மேல். இம்முறை ட்ரீ வியூவரில் 10 ஜிகாபிட் அப்படியே இருந்தது. ஆக இணைப்பில் கோளாறு இல்லை. இவ்வகை எஸ்எஸ்டிகள் காலியிடத்தின் ஒரு பகுதியை வேகமான இடைக்கிடங்காகப் பயன்படுத்துகின்றன. டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்தக் கிடங்கு சுருங்கும். அது நிறைந்தபின் எழுதுவது நேரே மெதுவான நினைவகத்தில். வெப்பமும் ஒரு காரணம்: சுண்ணாம்புச் சுவர் மாடத்தில் காற்றோட்டமின்றி வைத்த எஸ்எஸ்டி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாடத்திலிருந்து எடுத்து, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்தார்கள். ஓரளவு மீண்டது, முழுவதும் மீளவில்லை. 1.8 டிபி வேலைக்கு 2 டிபி எஸ்எஸ்டி மிக இறுக்கமான அளவு. 4 டிபி இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

கடையில் கேபிள் கேட்கும்போது

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கடைக்குப் போய் நல்ல டைப்-சி கேபிள் கொடுங்கள் என்று கேட்டால், நல்ல சார்ஜிங் கேபிள்தான் கிடைக்கும். கேள்வி அப்படி இருக்கிறது. எத்தனை ஜிபிபிஎஸ், எத்தனை வாட், எத்தனை மீட்டர் என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். உறையில் ஜிபிபிஎஸ் எண் இல்லையென்றால் அது 480 மெகாபிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டருக்கு மேல் நீளமும் 10 ஜிகாபிட்டும் ஒரே உறையில் எழுதியிருந்தால், உள்ளே சிப் பொதிந்த வகையா என்று விசாரியுங்கள். இல்லை என்றால் வாங்க வேண்டாம். நீல நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள், நிறம் பரிந்துரைதான், கட்டாயமில்லை.

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் கேபிள்களைத் தரம் பிரிக்க ஒரு வேகமான எஸ்எஸ்டியும் ட்ரீ வியூவரும் போதும். ஒவ்வொன்றாக மாட்டி, காட்டும் வேகத்தைக் குறித்துக்கொள்ளலாம். டைப்-சி செருகியைத் திருப்பிப் போட்டும் ஒரு முறை பாருங்கள். ஒரு பக்கம் 10 ஜிகாபிட்டும், திருப்பினால் 480 மெகாபிட்டும் வந்தால் கேபிளிலோ துளையிலோ ஒரு பக்கத்து முனைகள் பழுது, அல்லது துளையில் தூசி அடைந்திருக்கிறது. பழைய ஏடு புரட்டும் இடத்தில் இரண்டாவதே அதிகம். கணினியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம், ஊசி கூடாது.

இந்தக் குழு இப்போது ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் வெள்ளை ஒட்டுத்தாள் சுற்றி, 480 மெ, 5 ஜி, 10 ஜி என்று எழுதி வைத்திருக்கிறது. 100 வாட் கேபிளில் சார்ஜ் மட்டும் என்று இருக்கிறது.